நாலு நெசம், ஒரு பொய்

இல்லை, அழிக்கவில்லை. இன்னும் அழிக்கவில்லை.

விரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். குப்பைத்தொட்டிப் படம் மேலே வந்தது. அழிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்பதைத் தொட்டேன். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அழுத்தினேன். காலையிலிருந்து நான்கு முறை. இன்று சனிக்கிழமை, அரைநாள் வேலை. மதியச் சாப்பாடு மூடியபடியே இருக்கிறது.

நாற்பத்தெட்டு நொடிப் பதிவு. உன் குரல்.

நீ போய் ஐம்பத்தொரு நாள். ஆறு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, உன் வீட்டுக்குப் போக வேண்டும். உன் அம்மா வரச்சொல்லியிருக்கிறார். நீ எனக்கு அனுப்பிய அறுபத்து நான்கு குரல் பதிவுகளையும் கொண்டுபோக வேண்டும். இது அழிந்தால் அறுபத்து மூன்று. யாரும் எண்ணப் போவதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் உனக்குத் தெரிந்ததிலிருந்துதான் தொடங்க வருகிறது.

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாட்டுத்தீவனக் கடையின் மாடி. படியேறும்போதே புண்ணாக்கு வாசனை. மாலை ஆறு முதல் ஏழு வரை ஆங்கிலப் பேச்சு வகுப்பு. முதல் நாள் சார் எல்லோரையும் ஒரே கேள்விதான் கேட்டார். ராஜபாளையத்தில் எவ்வளவு காலமாக வசித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவராக எழுந்து வருடக்கணக்கைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்கே கேட்காத குரலில் ‘சின்ஸ் பர்த்’ என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நீ எழுந்தாய். “ஐ ஹாவ் பீன் லிவிங் இன் ராஜபாளையம் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ்.”

நாற்பது நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாய். பின் வரிசையில் ஒருவன், “ஏலே, நம்ம ஊர்ல இப்பத்தான் பெறந்திருக்கு, பேரு வைங்கலே” என்றான். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. “டென்ஸ் கரெக்ட். உக்காருங்க” என்றார். பிறகு எங்களைப் பார்த்து, “நீங்க சொல்றது உண்மையா பொய்யான்னு எனக்குத் தேவையில்ல. டென்ஸ் சரியா இருந்தாப் போதும்” என்றார்.

நீ அதைப் பிடித்துக்கொண்டாய்.

எனக்கு அந்த இரண்டு காலங்கள்தான் பயம். செய்திருக்கிறேன். செய்துகொண்டிருக்கிறேன். தமிழில் யோசிக்காமல் வருவது ஆங்கிலத்தில் தொண்டையில் நின்றுவிடும். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆங்கிலத்தில்தான் படித்தேன், எழுதினேன், தேறினேன். வாய் திறந்ததில்லை. மருத்துவப் பஞ்சு செய்யும் கம்பெனியில் சோதனை அறையில் வேலை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் திரையில் வந்து கேட்பார்கள். எத்தனை நாளாக இதைச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். அறிக்கையை அனுப்பிவிட்டீர்களா. கேட்பதெல்லாம் அந்த இரண்டு காலத்தில்தான். இனிமேல் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் பஞ்சைத் தண்ணீரில் போட்டு அது மூழ்கும்வரை நொடி எண்ணுவதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

உனக்கும் அப்படித்தான். மதுரையில் பெரிய மருத்துவமனை, நர்ஸ் வேலைக்கு ஆங்கிலத்தில் நேர்காணல். “எத்தன நாளா வலிக்கி, மாத்திர போட்டாச்சா, இதத்தானட்டி நான் தெனமும் நூறு பேர்ட்ட கேக்கேன். தமிழ்ல கேட்டா நர்சு. இங்கிலீசுல கேட்டா ஸ்டாஃபு” என்றாய்.

மூன்று மாதத்தில் வகுப்பு முடிந்தது. என் வாய் மூடியபடியே இருந்தது. பேருந்து நிலையத்தில் உன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னேன். ஐந்து வாக்கியம் பேசுவதற்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை. காலையில் வேலைக்குப் போகிறேன், மாலையில் வருகிறேன். அதை எத்தனை முறை சொல்வது.

நீ கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தாய்.

“அப்ப ஒரு பொய் சொல்லிக்கோ. தெனமும் அஞ்சு வாக்கியம். நாலு நெசம், ஒரு பொய். காலைல ஆறரைக்கு நீ எனக்கு அனுப்பு, நான் ஒனக்கு அனுப்புதேன். எது பொய்யின்னு நீ கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்.”

“நாலு உண்மைக்கு எங்க போக?”

“அதுக்குத்தாம்ட்டி பொய்யி. பொய்ய மறைக்கணும்னா நெசத்தத் தேடித்தான ஆகணும்.”

பஸ் வந்தது. படியில் ஏறித் திரும்பிப் பார்த்து, “கேக்கக் கூடாதுன்னா கேக்கக் கூடாதுதான்” என்றாய்.

நான் கேட்டதே இல்லை. குரங்கு என்னைக் கடித்திருக்கிறது என்று ஒருநாள் அனுப்பினாய். இதுதான் இன்றைய பொய் என்று நினைத்தேன். நாம் பிளவக்கல் அணைக்குப் போன அன்று தண்ணீரில் கை கழுவச் சட்டைக் கையை மடித்தாய். முழங்கைக்குக் கீழே நான்கு பல் தடம். நான் பார்த்ததை நீ பார்த்தாய். சட்டைக் கையை இறக்கிவிட்டாய். அன்று முழுவதும் எனக்குள் ஒரே குடைச்சல். குரங்கு உண்மை என்றால், அன்று சொன்ன மற்ற நான்கில் எது பொய்.

இப்போது உனக்குத் தெரியாததற்கு வருகிறேன்.

உன் பதினாறாம் நாள். வீடு நிறைய ஆட்கள். பின்பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். சத்துணவுக் கூடத்தில் உன் அம்மாவோடு வேலை பார்ப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவ போனத் தொறக்க முடியலம்மா. நம்பரு ஒருத்தருக்கும் தெரியல. ஒங்கிட்ட அவ பேசுனது இருக்காம்லா. செத்த நேரம் கேக்க வையி.”

வைத்தேன். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் “என்ன சொல்லுதா?” என்று கேட்டார். சொன்னேன். மழையில் நனைந்திருக்கிறாளாம். புதுச் செருப்புக் கடித்துக்கொண்டிருக்கிறதாம். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடியது. அப்படித்தான் இந்த நாற்பத்தெட்டு நொடி வந்தது. நான் நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

“மதுரைன்னு சொன்னாளே. என்ன மதுரை?”

நீ சொன்னது இது. மதுரையில் ஒரு சிங்கிள் ரூம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது இது. “மதுரையில வீடு பாத்துட்டு இருந்தாளாம்மா. ஒங்களையும் கூட்டிட்டுப் போறதுக்கு.”

முதல் பாதி கொஞ்சம் உன்னுடையது. பின்பாதி முழுக்க என்னுடையது. தடங்கலே இல்லாமல் வந்தது. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு சரளமாகச் சொன்னதில்லை.

உன் அம்மா எழுந்து கூடத்துக்குப் போனார். “கேட்டியளா. என்னையும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வீடு பாத்திருக்கா” என்றார். ஒவ்வொருவரிடமும் சொன்னார். வந்தவர்கள் அழுதார்கள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். பால் வாங்குகிற இடத்தில். பள்ளிக்கூடத்தில். நான் போனில் பேசிய இரண்டு முறையும் என்னிடமே சொன்னார், நான் சொன்னதை.

வியாழக்கிழமை கூப்பிட்டார். உன் பெரியம்மா மருமகள் வருகிறாராம். ஆலங்குளத்தில் ஆங்கில டீச்சர், நீ மதினி என்று அடிக்கடி சொல்வாயே, அவர்தான். “ஞாயித்துக்கெழம அவ வாரா. எல்லாத்தையும் அவ போன்ல ஏத்திக்கிடுதோம். அவளே எனக்கு வெவரம் சொல்லிருவா. நீ ஒவ்வொரு தடவையும் எதுக்குச் செரமப்படணும்?”

சரிம்மா என்றேன்.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. போன் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம், ஆனால் காய்ச்சல் என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்ல முடியாது. இதை மட்டும் அழித்துவிடலாம். அழித்தால் உன் குரலில் நாற்பத்தெட்டு நொடி உலகத்தில் இல்லாமல் போகும். அழிக்காவிட்டால் உன் அம்மாவுக்கு அந்த வீடு இல்லாமல் போகும்.

இதில் இன்னொரு முடிச்சு. நீ உண்மையிலேயே அறை தேடினாயா என்பது எனக்குத் தெரியாது. அது அன்றைய பொய்யாகவும் இருக்கலாம். ஐந்தில் நான்காவது வாக்கியம் அது. நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றாய்.

என் அம்மா வந்து மூடியிருந்த தட்டைத் திறந்து பார்த்தாள். “நாளைக்குப் போறியா இல்லியா? போறதா இருந்தா சாப்டுட்டுப் போ. போகாட்டாலும் சாப்டு.”

ஐந்தாவது முறை அழுத்தினேன். வேண்டாம்.

*

ஞாயிறு. திரும்பி வந்துவிட்டேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இடதுபுறம் மலை கூடவே வந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பதிவைப் போடுவதற்கு முன்னாலேயே. அம்மா, அன்றைக்கு நான் ஒரு தவறு செய்துவிட்டேன். இல்லை. அம்மா, அன்றைக்கு நான் சொன்னதில் பாதி அவள் சொன்னது இல்லை. கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது எல்லாம் கலைந்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் ஒரு செம்மண் நிற நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்து நின்றது.

“வாம்மா. எளச்சுப் போயிட்டியே” என்றார் உன் அம்மா. மதினி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. போனைக் கொடுத்துவிட்டேன்.

மதினி ஒவ்வொன்றாகப் போட்டார். நம்ப மாட்டாய், உன் இலக்கணத்துக்கு மார்க் போட்டுக்கொண்டே கேட்டார். “ஹாவ் பீன் கரெக்டாப் போட்டுருக்கா. சின்ஸ் கரெக்ட். இந்த எடத்துல ஃபார் வரணும் சித்தி, சின்ஸ் சொல்லிட்டா.”

“அவளுக்கு மார்க்குப் போட்டது போதும்ட்டி. என்ன சொல்லுதான்னு சொல்லு” என்றார் உன் அம்மா.

பதினோராவது பதிவு அதுதான். எனக்கு வரிசை மனப்பாடம். வீடு அமைதியாக இருந்தது, அன்றைக்குப் போலப் பாத்திரச் சத்தம் இல்லை. உன் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. முடிவில், உனக்குப் பின்னால் தூரத்திலிருந்து உன் அம்மாவின் குரல். “ஏட்டி, தோச ஆறுது.”

தன் குரலைக் கேட்டு உன் அம்மா சிரிக்கப் போனார். பாதியில் நின்றது.

“சிங்கிள் ரூமுன்னா சொன்னா?”

மதினி என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த வீட்டுக் கதை தெரியும், உறவு முழுக்கத் தெரியும்.

“சிங்கிளுன்னா ஒத்த ஆளுக்குத்தான?” என்றார் உன் அம்மா, என்னிடம்.

“ஆமாம்மா.”

“நீ வீடுன்னு சொன்ன.”

“அது நான் சொன்னது. அவ சொல்லல. ஒங்களையும் கூட்டிட்டுப் போகன்னு சொன்னதும் நான்தான்.” பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வாக்கியம், ஆறரை மணி, நாலு நெசம், ஒரு பொய், கேட்கக் கூடாது. “ரூமு பாத்தாளா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாதும்மா. அதுவே பொய்யா இருக்கலாம்.”

உன் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மருத்துவப் பஞ்சு பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும். நான் அறுபதைத் தாண்டிவிட்டேன்.

“தெனமும் ஒண்ணு கட்டாயம் பொய்யா?”

“ஆமா. ஒண்ணே ஒண்ணு.”

“அப்ப அந்த அஞ்சையும் சொல்லு. அவ சொன்னபடி சொல்லு.”

சொன்னேன். ஒன்று. “இந்த மாசம் மூணு குடை தொலச்சிருக்கேன்.”

“நெசம். மூணாவது என்னுது.”

இரண்டு. “ஒரு மாசமா ஒரு தெரு நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“நெசம். வாசல்ல நிக்குல்லா, அதுதான். இப்ப நான் போடுதேன்.”

அடுத்ததைச் சொல்வதற்கு முன் ஐந்தாவதைச் சொன்னேன். “இன்னும் காலைல சாப்பிடல.”

“அதான் நானே கத்துதேனே, தோச ஆறுதுன்னு. நெசம்.” விரலை மடக்கினார். “மூணாவது?”

“ஆப்பரேசனுக்குப் பொறவு எங்க அம்மா நல்லாத் தூங்கிக்கிட்டு இருக்கா.”

உன் அம்மா விரலை மடக்கவில்லை.

“நான் எங்க தூங்குனேன்” என்றார். “கர்ப்பப்பைய எடுத்ததுல இருந்து ஒரு மாசம் பொட்டுத் தூக்கம் கெடையாது. அவ டூட்டி பாத்துட்டு அலந்துபோயி வருவா. நான் பொரண்டா அவளும் முழிப்பா. அதனால கண்ண மூடிக்கிட்டு அசையாமக் கெடப்பேன். காலைல கேப்பா, தூங்குனியாம்மான்னு. நல்லாத் தூங்குனேன்னு சொல்லுவேன்.”

மதினி மெதுவாகச் சொன்னார். “அப்ப அவ நம்பியிருக்கா சித்தி. நீங்க தூங்குனதா நெனச்சு நெசமாத்தான் சொல்லியிருக்கா. ரூமுதான் பொய்யி. ஒங்கள விட்டுட்டு அவ எங்க போகப்போறா?”

வழி திறந்திருந்தது. மூன்று பேருக்கும் தெரிந்தது. உன் அம்மா அதில் நுழைந்திருக்கலாம். நான் என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் நுழைய வேண்டும் என்று வேண்டினேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

உன் அம்மா தலையை அசைத்தார்.

“அவ நர்சுட்டி. வார்டுல நாப்பது பேரப் பாக்குறவ. தூங்குற ஆளு யாரு, கண்ண மூடிக்கிட்டுக் கெடக்குற ஆளு யாருன்னு அவளுக்குத் தெரியாதா? கால்மாட்டுல வந்து உக்காந்து காலப் புடிச்சு விடுவா. நான் தூங்குறேன்னு நெனச்சுச் செய்யிதான்னு நான் நெனச்சேன்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “தெரிஞ்சிருக்கு அவளுக்கு. மூணாவதுதான் பொய்யி.”

“அப்ப ரூமு?” என்றார் மதினி.

“ரூமு நெசம். போகத்தான் இருந்திருக்கா.”

வாசலில் நாய் ஒருமுறை குரைத்து அடங்கியது.

“ஜன்னல் இருக்க ரூமாப் பாத்திருப்பா. காத்து இல்லாட்டி அவளுக்கு ஒறக்கம் வராது” என்றார் உன் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். “தெருப் பூராச் சொல்லிட்டேன். இனிமே அவியட்ட போயி நான் என்னத்தச் சொல்ல? சொன்னது சொன்னதாவே கெடக்கட்டும். நீ எம்மேல எரக்கப்பட்டுச் சொல்லிட்ட. ஒன் பங்குப் பொய்யி அது ஒண்ணுதான்னு வச்சுக்கிடுதேன். இனிமே அவ சொன்னத மட்டும் சொல்லு.”

சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டேன், மூன்று நாளுக்குப் பிறகு. மதினியின் போனுக்கு அறுபத்து நான்கையும் அனுப்பினேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் வா. டீச்சரு இருந்தாலும் நீ வா. மார்க்குப் போடாமச் சொல்ல ஆளு வேணும். எது எது பொய்யின்னு நான் சொல்லுதேன். அவளப் பெத்தவ, எனக்குத் தெரியும்.”

பஸ்ஸில் பயம் முழுதாகப் போய்விடவில்லை. எது பொய் என்று பார்க்க அறுபத்து மூன்று இன்னும் இருக்கின்றன. அவற்றில் என்னைப் பற்றியும் நீ சில சொல்லியிருக்கிறாய். என் சிநேகிதி நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கிறாள் என்று ஒருநாள். அது அன்றைய நாலில் ஒன்றா, மிச்சமா என்று தெரியாது. யார் எதைச் சொன்னாலும் இப்போதெல்லாம் உள்ளுக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். திரையில் வருகிற வெளிநாட்டுக்காரர் சொன்னாலும் எண்ணுகிறேன். உன்னிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது அதுதான். எண்ணிக்கொண்டே பதில் சொல்லிவிடுகிறேன், தடங்கலோடு.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பதிவிலிருந்து நீ சொன்னவற்றை நீ சொன்னபடியே தமிழில் எழுதத் தொடங்கினேன், ஐந்தைந்தாக. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், உன் அம்மா குறி போட, ஒரு சின்னக் கட்டம் விட்டேன்.